கேஸ்ட்ரிக் பேண்டை எடுத்த பிறகு எடை ஏறாமல் காப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. மெல்பர்னில் வசிக்கும் 46 வயதுப் பெண், உயரம் 160 செ.மீ. 2011ல் கேஸ்ட்ரிக் பேண்ட் (எடை குறைக்க இரைப்பையின் உச்சியில் மாட்டும் வளையம்) வைத்து 104 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்து, பத்து வருடத்துக்கும் மேலாக அங்கேயே நின்றிருக்கிறார். சமீபத்தில் பேண்ட் நழுவி, தண்ணீர்கூட இறங்காத நிலை வந்து, ஆறு வாரத்துக்கு முன் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்று எடை 71. இப்போது 75. "பசி பழையபடி வந்துவிட்டது. பேண்ட் இல்லாமல் எடையைக் காக்க முடியுமா, இல்லை உடனே ஸ்லீவுக்கு (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் போல ஆக்கும் அறுவை) பேர் கொடுத்துவிட வேண்டுமா?"

முதலில் அந்த நாலு கிலோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கேள்வியிலேயே தெரிகிறது. பேண்ட் நழுவி வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாமல் இருந்தவருக்கு உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்துவிடும். அது ஏறக்குறைய அரை கிலோதான், ஆனால் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு நீர் வற்றிப்போன உடம்பு, காலியான குடல். ஆக 71 என்பது உங்கள் எடையே இல்லை, பட்டினியின் எடை. நீங்கள் அளக்க வேண்டியது தொல்லை தொடங்குவதற்கு முன் நிலையாக நின்ற 74லிருந்து. அப்படிப் பார்த்தால் ஏறியது ஒரு கிலோ. இந்தத் தொடக்கப் புள்ளியைத் தப்பாகப் பிடிப்பவர்கள் இரண்டாவது மாதத்திலேயே "எல்லாம் போச்சு" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

இனி கசப்பான பகுதி. பேண்டை எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறும். இது மன உறுதி பற்றிய விஷயம் இல்லை. பேண்ட் உங்கள் வயிற்றில் சத்தமில்லாமல் நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாலு வேலைக்கும் தனித்தனியாக மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்றுக்குச் சாப்பாட்டு முறையிலேயே மாற்று உண்டு. நாலாவதுக்குப் பலருக்கு மருந்தோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படுகிறது, அதைக் கேட்டு வாங்குவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

பேண்ட் என்பது இரைப்பையின் உச்சியில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மாட்டிய சிலிக்கோன் வளையம். உள்பக்கம் ஒரு பலூன், அதிலிருந்து ஒரு குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு போர்ட். போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீரை ஏற்றி இறக்கி இறுக்கத்தைச் சரி செய்வார்கள். சின்னப் பை நிறைந்தவுடன் வயிறு நிரம்பிவிடுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஓ'பிரையனும் அவரோடு வேலை செய்தவர்களும் பார்த்தது வேறு. நன்றாக மென்ற ஒரு வாய் உணவு ஒரு நிமிடத்துக்குள் பேண்டைத் தாண்டிவிடும். ஆனால் அதைத் தாண்டவைக்க உணவுக்குழாய் பல தடவை பிழிய வேண்டும். அந்தப் பிழிசல்கள் உச்சியிலுள்ள நரம்பு முனைகளை அழுத்தி, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். சாப்பிடாத நேரத்திலும் அந்த வளையத்தின் லேசான அழுத்தம் பசியைக் கீழே வைத்திருக்கும்.

ஆக நாலு வேலைகள்: உங்களை மெதுவாகச் சாப்பிட வைத்தது, கொஞ்சத்திலேயே போதும் என்று சொன்னது, சில உணவுகளை வாசலிலேயே தடுத்தது, வேளைக்கும் வேளைக்கும் நடுவில் பசியை அடக்கியது. இந்த நாலாவதுதான் பெரிய இழப்பு.

எடுத்தவுடன் முதல் சில வாரம் ஒரு பொய்யான நம்பிக்கை வரும். பேண்டைச் சுற்றி வளர்ந்த தழும்புத் திசு வளையமும் அறுவையின் வீக்கமும் அங்கேயே இருப்பதால் இன்னும் பேண்ட் இருப்பது போலவே தோன்றும். சில அறுவை நிபுணர்கள் அந்தத் தழும்பு வளையத்தை வெட்டிவிடுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். எப்படியானாலும் வீக்கம் வடிந்ததும் கட்டுப்பாடு போய்விடும். "எனக்குப் பேண்ட் இல்லாமலே சமாளிக்க முடிகிறது" என்று அந்த வாரங்களில் நினைத்தவர்களுக்குத்தான் பிறகு அதிர்ச்சி அதிகம். உங்களுக்குப் பசி இப்போது வந்திருப்பது சரியான நேரத்தில் வந்த பசி.

அந்தப் பசி ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது? எடை குறைந்த உடம்பு குறைந்த எடையை ஏற்றுக்கொள்வதில்லை. மெல்பர்னிலேயே நடந்து 2011ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களுக்குப் பசியை அடக்கும் லெப்டின் இறங்கி, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியிருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு போட்ட கணக்குப்படி, ஒரு கிலோ குறைந்தால் நாளொன்றுக்குச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது, பசி சுமார் 100 கலோரி கூடுகிறது. (இதை முப்பது கிலோவுக்கு அப்படியே பெருக்கிப் பார்த்து பயப்பட வேண்டாம். சில கிலோ குறைந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. திசையைக் காட்டத்தான் சொல்கிறேன்.) இந்த இழுப்பைப் பத்து வருடத்துக்கு மேல் பேண்ட் தாங்கிப் பிடித்திருந்தது.

பேண்ட் வைத்ததே தப்போ என்ற எண்ணமும் வேண்டாம். 1993ல் பெல்ஜியத்தில் முதல்முறையாக லேப்பராஸ்கோப் வழியாக லேப்-பேண்ட் வைத்தார்கள். 2001ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீங்கள் வைத்துக்கொண்ட 2011ல் அங்கே நடந்த உடல்பருமன் அறுவைகளில் மூன்றில் ஒரு பங்கு பேண்ட்தான். நாள்பட்டால் எடுக்க வேண்டிவருவதும் அபூர்வம் இல்லை. பெல்ஜியத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எடுக்க வேண்டி வந்தது. நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போவது, உணவுக்குழாய் விரிந்துபோவது என்று காரணங்கள் பல. உங்கள் தவறு எதுவும் அதில் இல்லை.

வேலை ஒன்று, வேகம். பேண்ட் இருந்தபோது கொண்டைக்கடலை அளவுதான் ஒரு வாய், இருபது முறைக்கு மேல் மெல்ல வேண்டும், ஒரு நிமிடத்துக்கு ஒரு வாய். இல்லாவிட்டால் மார்பில் அடைத்து, வாயெல்லாம் நுரையாக எச்சில் ஊறி, மேலே வந்துவிடும். தண்டனை இருந்ததால் ஒழுங்கு இருந்தது. இப்போது தண்டனை இல்லை. சாம்பார் சாதத்தைக் குழையப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு தட்டு ஆறு நிமிடத்தில் காலி. மூளைக்குப் "போதும்" என்ற செய்தி போய்ச்சேர இருபது நிமிடமாவது வேண்டும். அதனால் பிசைவதைக் குறையுங்கள். சோற்றைத் தனியாக, குழம்பைக் கிண்ணத்தில், காயை முழுசாக, கரண்டியில் எடுத்துச் சாப்பிடுங்கள். போனில் 20 நிமிடம் டைமர் வையுங்கள். பாதித் தட்டில் ஐந்து நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு கல்லிலிருந்து எடுத்த தோசையை அப்படியே வாயில் போடுவது வீட்டுக்கே சமைப்பவர்களின் பெரிய கண்ணி. நின்று சாப்பிட்ட தோசையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மாவு ஊற்றும் முன்பே உங்கள் எண்ணிக்கையை முடிவு செய்து, உட்கார்ந்துதான் சாப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இரண்டு, கொஞ்சத்தில் நிறைவு. பேண்டோடு அரை கப் உணவு போதுமாக இருந்தது. அதே அரை கப்பில் இப்போது நிற்க முயலாதீர்கள். முதல் பத்து நாள் முடியும், பதினோராவது நாள் இரவு பத்தரைக்குச் சமையலறை விளக்கு எரியும். இப்போது வயிற்றில் இடம் இருக்கிறது, அந்த இடத்தைக் கலோரி குறைந்த பொருளால் நிரப்புவதுதான் சரி. தட்டில் பாதி காய், கீரை. பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ், பீன்ஸ், புரோக்கோலி என்று எது கிடைக்கிறதோ அது, எண்ணெய் வேளைக்கு ஒரு டீஸ்பூன். கால் பங்கு புரதம். மிச்சக் கால் பங்கில் முக்கால் கப் சோறு, அதாவது 120 கிராம் போல, சுமார் 155 கலோரி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது என்ற பேண்ட் விதி இனி உங்களைக் கட்டாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர், அல்லது தொடக்கத்தில் ஒரு கிண்ணம் தெளிந்த ரசம், உதவியாகவே இருக்கும்.

புரதத்தை முதலில் சாப்பிடுங்கள் என்று பேண்ட் வைத்த நாளில் சொல்லியிருப்பார்கள். அந்த விதியை மட்டும் விடாதீர்கள், இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பசியைத் தள்ளிப்போடுவதிலும் தசையைக் காப்பதிலும் அதற்கு ஈடில்லை. உங்கள் அளவுக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம் இலக்கு. நம் வீட்டுச் சாப்பாட்டில் இது தானாக வந்துவிடாது, எண்ணிச் சேர்க்க வேண்டும். காலையில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, கெட்டிச் சாம்பார் என்றால் 20 கிராம் வரும். அதே இடத்தில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் 10 கிராம்கூடத் தேறாது. மதியம் வெந்த மீனோ தோல் நீக்கிய கோழியோ 130 கிராம் என்றால் முப்பது தாண்டும். நாலு மணிக்கு 170 கிராம் இனிப்பில்லாத கிரீக் தயிர், 15 கிராம். இரவு 75 கிராம் பனீரோ, உலர்ந்த எடையில் 30 கிராம் சோயா உருண்டையோ, 14, 15 கிராம். சைவமானால் மதியம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் அரை கப் கெட்டிப் பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்து 28 கிராம் வரை வரும். ரசத்திலும் தண்ணிச் சாம்பாரிலும் புரதம் இருப்பதாக நினைத்து ஏமாறாதீர்கள்.

வேலை மூன்று, வாசலில் தடுத்தது. இங்கேதான் பேண்ட்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பேண்ட் இறுக்கமாக இருந்தவர்களுக்கு ரொட்டி, தோசை, சோறு, கோழி அடைக்கும். ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக், பாயசம், டீயில் நனைத்த பிஸ்கட், சாக்லேட் எல்லாம் தடையில்லாமல் இறங்கும். வருடக்கணக்கில் பலர் தம்மையறியாமல் அந்த மென்மையான கலோரிகளின் பக்கம் சாய்ந்திருப்பார்கள். பேண்டை எடுத்ததும் தோசையும் ரொட்டியும் திரும்ப வருகின்றன, ஆனால் ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் போவதில்லை. இரண்டு பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கடைசி இரண்டு வருடத்தில் அடைக்காமல் இறங்குகிறது என்பதற்காகவே நீங்கள் பழகிக்கொண்ட உணவுகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுக்கு இனி காரணம் இல்லை, முதலில் வெளியேற வேண்டியவை அவைதான். நாலு மணி டீயைப் பாருங்கள்: முழுப் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டது 90 கலோரி, கூட ஒரு கைப்பிடி மிக்சர் 160. ஆக 250. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. உங்கள் தேவைக்கு மேல் தினம் இந்த 250 சேர்ந்தால் மாதத்துக்கு ஒரு கிலோ. டப்பாவைக் கண்ணுக்குத் தெரியாத மேல் அலமாரிக்கு மாற்றுவது சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டில் அது இல்லாமலே இருப்பது அதைவிட நல்லது.

மொத்தம் எவ்வளவு சாப்பிடலாம்? 74 கிலோ, 160 செ.மீ., 46 வயதுப் பெண்ணுக்கு மிஃப்ளின் சூத்திரப்படி ஓய்வு நிலைச் செலவு சுமார் 1,350 கலோரி. உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் என்றால் 1.3 ஆல் பெருக்கி 1,750. எடை குறைந்த உடம்பின் சிக்கனத்துக்காக 100, 150 கழித்துக்கொண்டு 1,600ல் தொடங்குங்கள். மூன்று வாரம் ஒழுங்காக எழுதி வந்தால் சராசரி எடையே உங்கள் உண்மையான எண்ணைச் சொல்லிவிடும். எண்ணெயை மட்டும் கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, தாளிக்கும் கை அதை உணர்வதே இல்லை. முதல் மூன்று மாதம் சமையலறைத் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பதைத் தினமும் செய்யுங்கள். காலையில், கழிவறை போய்வந்த பின், சாப்பிடும் முன், ஒரே இயந்திரத்தில். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாளோ மாதவிலக்குக்கு முன்னாலோ ஒன்றரைக் கிலோ நீர் நிற்கும். வார சராசரிதான் உண்மை. 2006ல் வெளியான ஸ்டாப் ரீகெயின் என்ற ஆய்வில் எடை குறைத்த 314 பேரை எடுத்து, ஒரு பிரிவினருக்குத் தினம் எடை பார்த்து நிறம் வாரியாக நடவடிக்கை எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 18 மாதத்தில் 2.3 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறியவர்கள், வெறும் செய்திமடல் பெற்ற பிரிவில் 72 சதவீதம், நேரில் கூடிப் பயின்ற பிரிவில் 46 சதவீதம். பார்ப்பது மட்டும் போதாது, எண்ணுக்கு ஒரு செயல் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் விஷயம்.

உங்களுக்கு அதை இப்படி வைக்கிறேன். 75.4 வரை பச்சை, இருப்பதைத் தொடருங்கள். வார சராசரி 75.4க்கும் 76.3க்கும் நடுவில் வந்தால் மஞ்சள். அன்றிலிருந்து இரண்டு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுத வேண்டும், இரவு வேளையில் மாவுச்சத்தை நிறுத்திக் காயும் புரதமும் மட்டும். 76.3ஐத் தாண்டினால் சிவப்பு. அந்த வாரமே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள், டயட்டீஷியன் மேற்பார்வையில் இரண்டிலிருந்து நாலு வாரம் தினம் இரண்டு வேளைக்கு ஆப்டிஃபாஸ்ட் போன்ற மாற்று உணவு, ஒரு வேளை சமைத்த சாப்பாடு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதை டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது, சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். இரண்டு கிலோவைத் திரும்ப இறக்குவது நாலு வார வேலை. பன்னிரண்டு கிலோவுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நடப்பது எடையைக் குறைப்பதைவிடக் காப்பதில் அதிகம் உதவுகிறது. அமெரிக்காவில் 1994 முதல் நடக்கும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், நிறைய எடை குறைத்து வருடக்கணக்கில் காத்தவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். வாரத்துக்கு 250 நிமிடம் விறுவிறு நடை என்று இலக்கு வையுங்கள், நாளுக்கு முப்பது நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஒவ்வொன்றும் பத்து முறை, மூன்று சுற்று. போர்ட் எடுத்த இடத்துத் தழும்பு மற்றவற்றைவிடப் பெரியது, அங்கே குடலிறக்கம் வரலாம். அறுவை நிபுணர் சரி என்று சொல்லும்வரை அரிசி மூட்டையோ குழந்தையோ தூக்காதீர்கள்.

இனி வேலை நாலு, நடுவேளைப் பசி. மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் பசி பிடுங்குகிறது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது என்றால், பேண்ட் அடக்கி வைத்திருந்தது அதைத்தான். இதற்கு இப்போது மருந்து இருக்கிறது. வாரம் ஒரு ஊசியாகப் போடும் செமாக்ளுடைட், டிர்செபடைட் இரண்டும் மூளையின் பசி மையத்திலேயே வேலை செய்கின்றன, வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. செமாக்ளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி 2.4 வரை போகும். டிர்செபடைட் 2.5ல் தொடங்கி அதிகபட்சம் 15. குமட்டல், மலச்சிக்கல், பித்தப்பைக் கல் வரலாம். மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இவை கூடாது, கணையம் முன்பு வீங்கியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பேண்டினால் உணவுக்குழாய் விரிந்திருந்தது என்று சொல்லியிருந்தால் அது சுருங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே தொடங்குவது நல்லது. ஏற்கனவே சரியாக இறங்காத குழாயோடு மந்தமான வயிறும் சேர்ந்தால் வாந்திதான் மிஞ்சும்.

மருந்தை மூன்று மாதக் கோர்ஸ் என்று நினைத்து வாங்காதீர்கள். ஸ்டெப் 4 ஆய்வில் 20 வாரம் செமாக்ளுடைட் எடுத்துச் சராசரி 10.6 சதவீதம் எடை குறைந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அதை நிறுத்தி வெற்று ஊசி போட்டார்கள். அடுத்த 48 வாரத்தில் அவர்களுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் எடை திரும்ப ஏறியது. மருந்தும் பேண்டைப் போலத்தான், இருக்கும்வரை வேலை செய்யும். வருடக்கணக்கில் கட்டுபடியாகுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

எப்போது கேட்பது? என் கருத்து இது: பேண்ட் எடுத்து மூன்று மாதம் முடியும்போது, மஞ்சள், சிவப்பு நடவடிக்கைகளையெல்லாம் செய்தும் வார சராசரி 74லிருந்து ஐந்து சதவீதம், அதாவது 77.7ஐத் தாண்டி நின்றால் தாமதிக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன்" என்று 90 கிலோ வரை காத்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஸ்லீவுக்கு உடனே பேர் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். டாக்டரோடு பேசத் தொடங்கலாம், ஆனால் உடனே செய்துகொள்ள அவசரப்படாதீர்கள். ஸ்லீவில் தையல் போகும் மேல் பகுதிதான் பேண்ட் வருடக்கணக்கில் அழுத்தித் தடித்துப்போன இடம். தழும்பின் மேல் போடும் தையல் கசியும் ஆபத்து புது வயிற்றைவிட அதிகம். அதனால்தான் நழுவி வீங்கிய வயிற்றுக்கு மூன்று மாதமாவது ஆறவிட்டுப் பிறகு செய்வதைப் பலர் விரும்புகிறார்கள். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்திருந்தால் கட்டாயம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, நெஞ்செரிச்சல். பேண்ட் காலத்தில் படுத்தால் புளிப்பு மேலே வந்துகொண்டிருந்தது என்றால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும், இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் பொருத்தமாக இருக்கும். முடிவுக்கு முன் எண்டோஸ்கோபியும் பேரியம் விழுங்கும் எக்ஸ்ரேயும், உணவுக்குழாயின் பிழியும் பலத்தை அளக்கும் மேனோமெட்ரியும் தேவையா என்று கேளுங்கள். "உங்கள் பிஎம்ஐ 29தான், தகுதி இல்லை" என்று யாராவது சொன்னால், 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5லேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தெற்காசிய உடம்பில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதுதான் காரணம். இடுப்பளவு 80 செ.மீ.ஐத் தாண்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்யுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி). நீரிழிவோ ரத்த அழுத்தமோ பேண்டுக்குப் பின் மறைந்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், எடை ஏறுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே சர்க்கரை ஏறத் தொடங்கலாம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்திருக்கலாம். கண்ணுக்கு இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது, கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல், வயிற்றில் கடும் வலி, படபடக்கும் இதயம், தண்ணீர்கூடத் தங்காமை, போர்ட் இருந்த இடம் சிவந்து சூடாவது, இவையும் அப்படியே.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அறுவைக் குறிப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தழும்பு வளையத்தை வெட்டினார்களா, முன்பு பேண்டை நிறுத்த இரைப்பையை மடித்துப் போட்ட தையலைப் பிரித்தார்களா, போர்ட்டும் குழாயும் முழுதாக வெளியே வந்துவிட்டதா, பேண்ட் அரித்த அடையாளம் எங்காவது இருந்ததா என்ற நாலும் அதில் எழுதியிருக்கும். அடுத்து மருந்தா அறுவையா என்று முடிவு செய்யும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.